எனக்குக் கிடைக்காத மேல்கட்டில்

ஒன்பது வயதில் எனக்கு இருந்த ஒரே லட்சியம் ஹாஸ்டலில் சேருவது. பெரியவர்களானதும் என்ன ஆகப்போகிறீர்கள் என்று டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். டாக்டர், கலெக்டர், போலீஸ் என்று வரிசையாக வந்துகொண்டிருந்த இடத்தில் நான் எழுந்து நின்று ஹாஸ்டல் என்றேன். வகுப்பே சிரித்தது. சிரித்தவர்கள் யாரும் அடுக்குக் கட்டிலைப் பார்த்ததில்லை என்பதால் மன்னித்துவிட்டேன்.

நானும் பார்த்ததில்லைதான். ஆனால் மாமா பார்த்திருந்தார். மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி; சித்தூர் பஸ் ஸ்டாண்டில் தள்ளுவண்டியில் பழம் விற்பவர். பஸ் ஸ்டாண்டில் நிற்பதால் எல்லா ஊரும் தனக்குத் தெரியும் என்பது அவர் கணக்கு. திருப்பதியில் ஒரு அம்மா பிள்ளைகளை வைத்து வளர்க்கிறார், கட்டிலுக்கு மேல் கட்டில், ஏணி வைத்து ஏறிப் படுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை முட்டை, சாயங்காலம் கேரம்போர்டு என்று ஒருநாள் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். தாழ்ந்த குரலில் சொல்லப்படும் எதையும் நான் தவறவிடுவதில்லை. ஏணி என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே என் முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. அம்மாவின் முடிவுக்குத்தான் பல வாரங்கள் ஆயின.

நாங்கள் சித்தூரின் ஓரத்தில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டில் தும்மினால் எங்கள் வீட்டில் விளக்கு ஆடும். நைனா பெங்களூர் லாரியில் கிளீனராக இருந்தார். தம்பி பிறப்பதற்கு முன்பே, பலமனேர் பக்கம் ஒரு வளைவில் அந்த லாரி திரும்பாமல் நேராகப் போய்விட்டது. அதற்குப் பிறகு எங்களை வளர்த்தது மாம்பழம். சீசன் வந்தால் அம்மா மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்குப் போவாள். நாளெல்லாம் நின்றபடி தோல் சீவி, மஞ்சள் பூத்த கையோடு திரும்புவாள். அந்தச் சம்பளத்தை வருஷம் முழுக்க நீட்டுவது அவளுடைய வித்தை. போதாததற்குப் புளியில் கொட்டை எடுப்பாள், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் துலக்குவாள். அந்த வருஷம் ஃபேக்டரியில் தோல் சீவ மெஷின் வந்தது. அதை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று நான் துடித்தேன். அம்மாவுக்கு அந்த ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

ராத்திரிச் சோற்றை எங்கள் இரண்டு பேருக்கும் போட்டுவிட்டு, "நான் ஃபேக்டரிலயே துன்னுட்டு வந்துட்டேன்" என்பது அம்மாவின் வழக்கம். ஃபேக்டரிக்கு அவள் போகாமல் நின்ற பிறகும் அங்கேயே சாப்பிட்டுவிட்டதாகத்தான் சொன்னாள். அதைக் கூட்டிக் கழித்துப் பார்க்கிற அளவுக்கு எனக்குக் கணக்கு வராது.

கடைசியில் ஒருநாள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "பாப்பா, அங்க போனா தம்பியப் பாத்துக்குவியா?" என்று கேட்டாள்.

"பாத்துக்குவேன். ஆனா மேல்கட்டில் எனக்கு. அத இப்பவே அவன்கிட்ட சொல்லிடு."

அம்மா தம்பியிடம் சொல்லவில்லை. என்னிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சரி, ஒப்புக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த இரண்டு நாட்கள் பள்ளியில் எனக்கு ராஜ மரியாதை. ஊரைவிட்டே போகிறவள் என்பதால் என் சொத்துக்களைப் பிரித்துக் கொடுத்தேன். காந்தம் வைத்த பென்சில் டப்பா ஒருத்திக்கு, ஸ்கிப்பிங் கயிறு ஒருத்திக்கு, ஜன்னலோர இடம் இன்னொருத்திக்கு. டீச்சர் முன்னால் நின்று தெலுங்கில் ஒரு விடைபெறும் உரை நிகழ்த்தினேன். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் தெலுங்கு அவ்வளவு உருக்கமாக இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

புறப்பட்ட காலையில் மாமா ட்ரங்க் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து என் தலையைப் பின்னினாள். பின்னி முடித்து, பார்த்துவிட்டு, அவிழ்த்து மறுபடியும் பின்னினாள். சந்திரகிரி வரைக்கும் இதே வேலை. எனக்கு எரிச்சலாக வந்தது. வெளியே வேடிக்கை பார்க்க ஆயிரம் இருக்கிறபோது என் பின்னந்தலையில் அப்படி என்ன இருக்கிறது?

மாமா பின்சீட்டிலிருந்து குனிந்து எனக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"பாப்பா, அங்க போயி கம்மியா துன்னு. நெறைய துன்ற பசங்கள சேத்துக்க யோசிப்பாங்க. இன்னா கேட்டாலும் வரும்னு சொல்லு. அம்மா வேணும்னு அழுதுகினு நிக்காத."

"நான் ஏன் அழப்போறேன்?"

"அதான் என் மருமவ. அக்கா, பாத்துக்கினியா? நீதான் சும்மா மூஞ்சிய அப்படி வெச்சிக்கினு வர்ற."

அம்மா என் பின்னலை அவிழ்த்தாள்.

இடம் கபிலதீர்த்தம் போகிற வழியில் ஒரு சந்துக்குள் இருந்தது. கேட்டுக்குள் நுழைந்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். பக்கவாட்டு மைதானம் முழுக்கக் கொடி கட்டி, வெள்ளை வெளேரென்று படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. மொட்டை மாடியிலும் விரிப்புகள். இத்தனை விரிப்பு என்றால் உள்ளே எத்தனை கட்டில் இருக்கும்! மேல்கட்டில் கிடைக்காதோ என்று பஸ்ஸில் வந்த சின்ன பயமும் அத்தோடு போய்விட்டது.

அந்த இடத்தை நடத்துகிறவரை எல்லாரும் பெத்தம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பெரியம்மா என்று அர்த்தமானாலும் அம்மாவைவிட அவருக்குச் சில வயதுதான் கூடுதலாக இருக்கும். மூக்குக்கண்ணாடி தலையில், செல்போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில், கையில் சாவிக்கொத்து. பாதி தெலுங்கு, பாதி தமிழ். எங்களைப் பார்த்ததும் போனில் பேசிக்கொண்டே சாப்பாட்டுக் கூடத்தைக் காட்டினார்.

"முந்து தினண்டி. பேச்சு அப்புறம்."

முதலில் சாப்பிடுங்கள் என்பது அங்கே சட்டம் போலிருந்தது. மாமா பேச வாயெடுத்தார். அவர் முன்னாலும் ஒரு தட்டு வைக்கப்பட்டது. சோறு, பப்பு, கத்திரிக்காய்க் குழம்பு, மேலே நெய். மாமாவின் பாடத்தை நினைத்து நான் ஒரு கைப்பிடிச் சோற்றோடு நிறுத்திக்கொண்டேன். தம்பிக்குப் பாடம் ஏறவில்லை. நான்கு வயதுக் குழந்தை உட்கார்ந்த இடத்தில் மூன்று தடவை தட்டை நீட்டியது. நான் அவன் தொடையில் கிள்ளினேன். "அக்கா கிள்றா" என்று அறிவித்துவிட்டு நான்காவது தடவையும் நீட்டினான்.

"நீ ஏன் தின்னலே?" என்றார் பெத்தம்மா எதிரில் வந்து உட்கார்ந்து.

"எனக்கு வயிறே சின்னது."

அவர் என் தட்டில் சோறு போட்டார். பயத்தில் அதையும் சாப்பிட்டேன். சின்ன வயிறு என்று சொன்னது பொய்யாகிவிட்டதே என்று கவலையாக இருந்தது.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மா, இதுங்களுக்கு யாருமே இல்லம்மா."

பெத்தம்மா அம்மாவைப் பார்த்தார். "அப்ப இவங்க யாரு?"

"இவங்கதான் அம்மா."

"நூவு?"

"நான் தாய்மாமன்."

"யாருமே இல்லாத பசங்களுக்கு நெறைய பேரு வந்திருக்கீங்களே."

பரிமாறிக்கொண்டிருந்த அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். மாமா கத்திரிக்காயைக் கவனிக்கத் தொடங்கினார். இனி மாமாவை நம்பிப் பிரயோஜனமில்லை, நம் சீட்டை நாம்தான் வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

"நான் எல்லாம் செய்வேன் பெத்தம்மா" என்று ஆரம்பித்தேன். "அம்மா இல்லாத இருந்துக்குவேன். அழமாட்டேன். நானே தலை பின்னிக்குவேன். துணி தொவச்சிக்குவேன். தெலுங்கு ரெண்டாங்க்ளாஸ் புக்கு பாக்காத சொல்லுவேன்."

"தம்பி?"

"அவனையும் பாத்துக்குவேன். ஊட்டுவேன், குளிக்க வெப்பேன். தூங்க வெக்கிறதுக்குத்தான் ஒரு காது வேணும்."

"காதா?"

இதில் என்ன ஆச்சரியம் என்று எனக்குப் புரியவில்லை. விளக்கினேன். தம்பி அம்மாவின் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். இடது காது. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அந்த மடலைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் தூக்கம் வரும். என் காதைக் கொடுத்துப் பார்த்தாயிற்று, கூச்சம் தாங்காமல் நான் சிரித்துவிடுகிறேன். ஆகவே இங்கே ராத்திரி காது கொடுப்பது யாருடைய வேலை என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால் நல்லது.

பெத்தம்மா தம்பியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "என் காது பாரு, சரியா இருக்குமா?" என்று குனிந்தார். தம்பி மிகுந்த பொறுப்போடு பிடித்துப் பார்த்தான். "கம்மல் குத்துது" என்று சொல்லிவிட்டு இறங்கி அம்மாவிடம் போய்விட்டான். அம்மா காதில் குத்துவதற்கு ஒன்றும் கிடையாது. நைனா போன அடுத்த வருஷத்திலிருந்தே கிடையாது. அது அவள் காதின் சிறப்பு என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அம்மா அதுவரை தட்டைத் தொடவே இல்லை.

"ஏம்மா" என்றார் பெத்தம்மா. குரல் மாறியிருந்தது. "கட்டில் எத்தன வேணும்னாலும் நான் போடுவேன். காதுக்கு எங்க போறது? உனக்கு இதுங்கள விட்டுட்டுப் போக இஷ்டமா?"

"இஷ்டப்பட்டு யாரு விடுவாங்க?" அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இங்க இருந்தா மூணு வேளையும் துன்னும். அங்க என்கூட இருந்தா என் மூஞ்சியப் பாத்துக்கினு இருக்கும். அவ்ளோதான். சும்மா எதுவும் கேக்க வரல நான்."

"சும்மா குடுக்க என்கிட்டயும் ஒண்ணும் இல்ல. தின்னுட்டு வா, இப்படி."

சாப்பிட்டு முடித்ததும் கட்டிடத்தின் பின்னால் ஒரு நீளமான ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே பெரிய பெரிய துவைக்கும் மெஷின்கள் சுற்றிக்கொண்டிருந்தன. பத்துப் பதினைந்து பெண்கள் விரிப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டும் மடித்துக்கொண்டும் இருந்தார்கள். திருப்பதியில் தெருவுக்குத் தெரு லாட்ஜ்கள். மலைக்கு வருகிறவர்கள் தூங்கி எழுந்து போகிற விரிப்புகள் எல்லாம் இங்கே வந்து வெளுத்துத் திரும்புகின்றன. கொடியில் காய்ந்தது எங்கள் கட்டில் விரிப்பு இல்லை என்று தெரிந்ததும் எனக்குப் பாதி உற்சாகம் போய்விட்டது.

"இந்தத் துப்பட்டி மடிச்சுக் காட்டு" என்று பெத்தம்மா ஒரு டபுள் கட்டில் விரிப்பை அம்மா கையில் கொடுத்தார்.

அது இரண்டு பேர் வேலை. எதிர்முனையைப் பிடிக்க ஒரு அக்கா எழுந்து வந்தார். அவரைத் தள்ளாத குறையாக நான் ஓடிப்போய் முனையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. இதுதான் பரீட்சை. ஹாஸ்டல் பிள்ளைகள் தங்கள் விரிப்பைத் தாங்களே மடிக்க வேண்டும். அது வருமா என்று பார்க்கிறார்கள். வரும் என்று காட்டிவிட்டால் சீட்டு நமக்கு.

நான் ஒரே இழுப்பு இழுத்தேன். அம்மா தடுமாறி இரண்டடி முன்னால் வந்துவிட்டாள்.

"மெதுவா பாப்பா. கயிறு இழுக்கிற போட்டி இல்ல. மூலையைப் புடி. ஒதறு. இப்ப வா, என்கிட்ட வா."

அம்மா நகரிக்காரி. அவள் பிறந்த வீட்டில் பவர்லூம் ஓடியது; தறியிலிருந்து இறங்குகிற துணியை ஆளுக்கொரு முனை பிடித்து மடித்துத்தான் அவளும் மாமாவும் வளர்ந்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. மாம்பழ அம்மாவைத்தான் எனக்குத் தெரியும். உதறினோம். விரிப்பு பலூன் மாதிரி எழும்பி இறங்கியது. முனையோடு முனை சேர்க்க நான் அவளை நோக்கி ஓடினேன், வேகத்தில் என் தலை அவள் வயிற்றில் முட்டியது. கீழ் மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன், மறுபடி ஓடிவந்தேன். இந்த முறை வேண்டுமென்றே முட்டினேன். அம்மா சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"அடுத்தது" என்றேன் நான். யாரும் கேட்காமலே அடுத்த விரிப்பை எடுத்தோம். அப்புறம் அதற்கடுத்தது. தம்பி விரிப்புக்கு அடியில் புகுந்து ஓடினான்.

"ஏம்மா, துணி மடிக்கிறாங்களா, கோலாட்டம் ஆடறாங்களா?" என்றார் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அக்கா.

"எங்கக்கா சின்ன வயசுல என்னையும் சேத்து மடிச்சிருக்கா" என்றார் மாமா, எதிர்பாராமல் கிடைத்த வாய்ப்பை விடாமல். "ஒரு தபா உள்ள மாட்டிக்கினேன்."

பெத்தம்மா மட்டும் சிரிக்கவில்லை. அடுக்கி வைத்த விரிப்புகளின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மாயி, உனக்கு இங்க சீட்டு இல்ல" என்றார்.

இன்னும் ஒன்றை மடித்துக் காட்டலாம் என்று நான் அடுத்த விரிப்புக்குக் கை நீட்டினேன்.

"அம்மா இருக்கிற பசங்கள எதுக்கு நான் வாங்கிக்கணும்? அம்மாவ வாங்கிக்கிறேன்." அம்மாவிடம் சொன்னார்: "நாளன்னைக்கு வந்து வேலைல சேந்துக்கோ. பசங்க ஸ்கூலுக்குப் போனப்புறம் வா, அவங்க வர்ற நேரத்துக்கு எழுந்து போ. ஸ்கூல் பக்கத்துலயே இருக்கு. பின்னாடி ஒரு ரூம் காலி. சொந்தமா அடுப்பு வெச்சுக்கோ. வாடகை உண்டு, சம்பளத்துல பிடிச்சுக்குவேன்."

"புடிச்சிக்கோங்க" என்றாள் அம்மா, அவசரமாக. வாடகை உண்டு என்று சொன்னதும் அவள் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். வாடகை கொடுக்க இப்படி ஆசைப்படுகிறவளை எங்கள் லைன் வீட்டு ஓனர் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார். பிறகு சந்தேகம் வந்தவளாக, "இந்த வேலைக்கு சீசன் எப்போ முடியும்?" என்று கேட்டாள்.

"ஏழுமலையானுக்கு சீசன் ஏதும்மா?" என்றார் பெத்தம்மா.

ஷெட்டில் எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்க ஆரம்பித்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமா எதற்கோ மேலே கூரையைப் பார்த்தார். நான் ஒருத்திதான் ஓவென்று அழுதேன்.

"நான் நல்லாத்தானே மடிச்சேன்?"

"நல்லாத்தான் மடிச்சே" என்றார் பெத்தம்மா. "அதான் உங்கம்மாவுக்கு வேல கெடச்சுது."

இதைவிடப் பெரிய அநியாயத்தை நான் அதுவரை கேட்டதில்லை. பரீட்சை எழுதியது நான், பாஸானது அம்மா. அம்மாவுக்கு வேலை கிடைத்ததற்குப் போய் அழுகிறாளே என்று என்னைச் சமாதானப்படுத்தி, போகும் முன் ஹாஸ்டல் அறையைக் காட்டினார்கள். மாமா சொன்னது எல்லாம் நிஜம். ஏணி இரும்பு ஏணி, நீலக் கலர். ஏறி ஒரு நிமிஷம் படுத்துக்கொள்ள விட்டார்கள். அதனால் துக்கம் அதிகமாயிற்று.

வெளியே வந்ததும் அம்மா, "மலைக்குப் போயிட்டு வந்துரலாம்" என்றாள். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு மேலே போகிற பஸ்ஸில் ஏறினோம். வளைவுக்கு வளைவு தம்பி கோவிந்தா போட்டான். மாமாவும் போட்டார். எனக்குத் தெய்வத்தோடு அன்றைக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

மேலே போய்த்தான் விஷயம் தெரிந்தது. அம்மா நேராக மொட்டை போடுகிற மண்டபத்து வரிசையில் போய் நின்றாள். அம்மாவின் முடி இடுப்புக்குக் கீழே இறங்கும். லைன் வீட்டில் எல்லாப் பெண்களுக்கும் அந்த முடி மேல் கண். எண்ணெய் வாங்க முடியாத நாட்களில்கூட அதை அவள் கட்டிக் காப்பாற்றியிருந்தாள். எனக்குப் பதறிவிட்டது.

"இன்னாத்துக்கும்மா மொட்ட?"

"வேண்டிக்கினேன் பாப்பா. காத்தால, பஸ்ல வரும்போது."

"கேட்டது குடுத்தாத்தானே முடி குடுக்கணும்?"

"குடுத்துட்டாருல்ல?"

"எங்க குடுத்தாரு? சீட்டுதான் கெடைக்கலியே."

முன்னால் நின்ற ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. நான் விடவில்லை. வரிசையில் சில பெண்கள் மூன்று கத்திரி மட்டும் கொடுத்துவிட்டுப் போவதைப் பார்த்திருந்தேன். நுனியில் மூன்று வெட்டு, அவ்வளவுதான். சாமியும் ஒத்துக்கொள்கிறார், முடியும் மிஞ்சுகிறது. நியாயமாகப் பார்த்தால் எங்களுக்கு அதுகூட அதிகம்.

"மூணு கத்திரி போதும்மா. அதுக்கு மேல குடுக்காத."

அம்மா என் கன்னத்தைத் தடவினாள். "அவரு முழுசா குடுத்திருக்காரு. நான் மட்டும் எப்படிக் கொறச்சுக் குடுக்கறது?"

முடி எடுக்கிற பெண் முன்னால் அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்து, தண்ணீர் தெளித்துக்கொண்டாள். முதல் கற்றை தரையில் விழுந்தது. தம்பி அதை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கணக்கைத் தீர்க்கப் பார்த்தேன். காலையில் அம்மாவும் நானும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஒரே மலையைப் பார்த்து, ஒரே நேரத்தில்தான் கும்பிட்டோம். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வேண்டுதல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் கேட்டது தெளிவாக இருந்தது: மேல்கட்டில், திருப்பதி, சீக்கிரம். அப்படியிருக்க எங்கே பிசகியது? சாமி மேல் பழி போடப் பயமாக இருந்தது. மிச்சம் இருந்தது அம்மாதான். பாவம், அதிகம் படிக்காதவள். எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரியாமல் எதையோ மாற்றிக் கேட்டுவைத்திருக்கிறாள். இப்போது முடியும் போகிறது.

பெருந்தன்மையாக அவள் தோளில் கை வைத்தேன்.

"வுடும்மா. அடுத்த தபா நான் ஒருத்தியே கேட்டுக்கிறேன். நீ கம்முனு இரு."

அம்மா சிரிக்கத் தொடங்கினாள். பாதி மொட்டையும் பாதி முடியுமாகத் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "கதலொத்தம்மா, பிளேடு" என்று அந்தப் பெண் அவள் தலையைப் பிடித்து நிறுத்திப் பார்த்தார். ஆடாதே என்றால் நிற்கிற சிரிப்பாக அது இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து, தெளித்த தண்ணீரோடு சேர்ந்து இறங்கியது. கடைசியில் அவர் பிளேடைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார். வரிசையில் நின்றவர்களும் காத்திருந்தார்கள். அப்படி என்ன வேடிக்கையாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.